வாசல் தாண்டாத பூனைக்கு வந்த அரிப்பு

 

நாயை வாசலோடு நிறுத்திவிடும் நாம், பூனையை மட்டும் அடுப்படி வரை அனுமதிக்கிறோம். குளிர்காலமாயின் படுக்கை வரையும் அனுமதிக்கிறோம். பால் வைக்கிறோம், மீன் தலை வைக்கிறோம், குழந்தைகளோடு விளையாட விடுகிறோம். ஆனால் அதே பூனை ஓயாமல் உடம்பைச் சொறியத் தொடங்கி, முடி உதிர்ந்து, தோல் தெரிய நின்றுவிட்டால் நம் மனம் எவ்வளவு விரைவில் மாறிவிடுகிறது! "சாக்கில் கட்டி எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்ற பேச்சு அடுத்த நாளே எழுந்துவிடும். கொடைக்கானலில் எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. பெருமாள்மலைக்குக் கீழே எந்த வளைவில் விடுவது என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள்.

நான் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். மருத்துவம் எனக்குத் தொழிலன்று. இங்கே நான் எழுதுபவை எங்கள் வீட்டில் கண்டவையும், கால்நடை மருத்துவர் விளக்கியவையும், பின்னர் நூல்களில் படித்து உறுதி செய்துகொண்டவையும் ஆகும்.

சென்ற நவம்பர் மாத இறுதியில் பழைய வீடு ஒன்றிற்கு வாடகைக்குக் குடிபெயர்ந்தோம். கொடைக்கானலில் வெள்ளையர் காலத்து முறையில் கட்டப்பட்ட வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரை முழுவதும் மரப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு காசு நுழையும் அளவுக்கு இடுக்கு. எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் ஆகஸ்டில் காலி செய்து போனபின் மூன்று மாதங்கள் அந்த வீடு பூட்டியே கிடந்தது. எங்கள் பூனைக்கு மூன்று வயது. சாம்பல் நிறம். தெரு நாய்களுக்கு அஞ்சி அதை நாங்கள் வெளியே விடுவதேயில்லை. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அது சொறியத் தொடங்கியது. இரவில் பலகைத் தரையில் அதன் பின்னங்கால் தட்டும் 'டக் டக்' ஓசை கேட்டு விழித்துக்கொள்வோம்.

காரணம் சொல்ல ஆளா இல்லை? குளிரில் தோல் வறண்டுவிட்டது என்றார் என் துணைவியார். மத்தி மீனின் சூடு என்றார் அடுத்த வீட்டுப் பெரியவர். 'உண்ணியாக இருக்கும்' என்று ஒருவர் சொல்ல, 'வாசல் தாண்டாத பூனைக்கு உண்ணி எங்கிருந்து வரும்? அதுவும் இந்தக் குளிரில்?' என்று மற்றவர்கள் அவர் வாயை அடைத்துவிட்டார்கள். என் மாமியாருக்கோ காரணத்தில் அக்கறை இல்லை. அவருடைய கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் வரிசையாகத் தோன்றியிருந்தன. கடைசிப் பேரனுக்கு வேறு இளைப்பு உண்டு. பூனையின் சொறி குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும், அதை அனுப்பிவிட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு.

அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்திருந்த தண்ணீரைத் தேடி ஒரு பூனை வந்தபோது, பாத்திரத்தைச் சாய்த்து அதற்குக் குடிக்கக் கொடுத்ததையும், அதை வியந்து பார்த்த மருமகளுக்கு, பூனை அசுத்தமானதன்று என்ற நபிமொழியை எடுத்துக் கூறியதையும் நான் நினைவூட்டினேன். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிதான் மாப்பிள்ளை. ஆனால் அந்தப் பூனை சொறிந்துகொண்டு வந்ததாக ஹதீஸில் இல்லையே?" என்றார். நாற்பது ஆண்டுகள் குர்ஆன் ஓதிக்கொடுத்த பெண்மணி அவர். வாதத்தில் என்னை வெல்வது புதிதன்று. கடைசியில் என் மகள், "ஒரு வாரம் மட்டும் கொடுங்கள் நன்னி" என்று அழுததால் ஒரு வாரம் தவணை கிடைத்தது.

அந்த வாரத்திற்குள்ளேயே பூனை செத்திருக்க வேண்டியது. தெருவில் ஒரு சகோதரி, அன்பின் மிகுதியால், ஒரு புட்டி யூகலிப்டஸ் தைலத்தைக் கொண்டுவந்து உடம்பு முழுவதும் தேய்த்துவிடச் சொன்னார். இந்த மலையில் அந்தத் தைலம் விற்காத கடை இல்லை. சளிக்கும் தலைவலிக்கும் நாம் தடவிக்கொள்வதுதானே என்று தோன்றும். ஆனால் நம் உடலில் நுழையும் பல பொருள்களை ஈரல் முறித்து வெளியேற்றுவது போலப் பூனையின் ஈரலால் முடியாது. அதற்கு வேண்டிய நொதி பூனைக்கு மிகக் குறைவு. தடவியதை அது நக்கி நக்கி வயிற்றுக்குள்ளும் இறக்கிவிடும். யூகலிப்டஸ் தைலம், வேறு பல வாசனைத் தைலங்கள், தரை துடைக்கும் பினாயில் ஆகிய யாவும் பூனைக்கு நஞ்சு. நாம் காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். இவற்றினும் கொடியது நாய்களுக்கென்று விற்கும் பூச்சி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்னும் பொருள். நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனைக்கோ நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிர் போகும். 'நாய்க்கு ஏற்றது பூனைக்கு ஏற்காதா?' என்று எண்ணித் தூவிவிட்டுப் பின் அழுத குடும்பம் ஒன்றை நான் அறிவேன். தைலப் புட்டியை நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பூனையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்கே சொறிகிறது?" என்பதே. வாசகர்களே, இந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. காதை மட்டும் சொறிந்து, தலையை உதறிக்கொண்டே இருந்தால் காதுக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இருக்கலாம். அப்போது காதினுள் தாண்டிக்குடிக் காப்பித்தூளைக் கொட்டியது போலக் கறுத்த அழுக்கு சேர்ந்திருக்கும். காது ஓரத்திலும் முகத்திலும் தோல் தடித்துப் பொருக்குக் கட்டினால் அது சொறிப்பூச்சி. வட்ட வட்டமாக முடி ஒடிந்து கொட்டினால் படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது, மனிதருக்கும் குறிப்பாகச் சிறுவருக்கும் ஒட்டக்கூடியது. உணவு ஒவ்வாமையும் உண்டுதான். ஆனால் அதை உறுதி செய்ய, அதுவரை தின்றிராத ஒரே வகை உணவை எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே மற்றவற்றை விலக்கிய பின்னரே அதைச் சந்தேகிக்க வேண்டும் என்றார்.

எங்கள் பூனையின் காது சுத்தமாக இருந்தது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார், சொறிப்பூச்சி இல்லை. அது சொறிந்ததும் கடித்ததும் கழுத்திலும், முதுகின் கடைசியில் வால் தொடங்கும் இடத்திலும். அந்த இடத்தைக் கண்டதும் அவர் பேன் சீப்பு ஒன்றை எடுத்து வாரினார். பூச்சி எதுவும் அகப்படவில்லை. மிளகுப்பொடி போன்ற கறுப்புத் துகள்கள் மட்டும் விழுந்தன. "அழுக்கு" என்றாள் என் மகள். மருத்துவர் அவற்றை நனைந்த வெள்ளைத் துணியில் இட்டார். சற்று நேரத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி நிறம் பரவியது.

அது இரத்தம். தெள்ளுப்பூச்சி பூனையின் இரத்தத்தைக் குடித்துக் கழித்த எச்சம். வெறும் மண்ணாக இருந்தால் துணியில் சிவப்பு ஊறாது. பூச்சி ஏன் அகப்படவில்லை என்று வினவினேன். பூனை மிகுந்த சுத்தக்காரப் பிராணி. முள் போன்ற நாவினால் தன் மேலுள்ள பூச்சிகளை நக்கி விழுங்கிவிடும் என்றார். ஆகவே பூச்சி கண்ணில் படவில்லை என்பதை வைத்துப் பூச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்படி விழுங்கப்படும் தெள்ளுப்பூச்சியினால் வயிற்றில் நாடாப்புழுவும் வரும். வாலடியில் அரிசி போல ஒட்டியிருப்பவை அதன் துண்டுகள். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை கொண்ட பூனையாயின் சில கடிகளே போதும், பல நாள் அரிக்கும்.

வெளியே போகாத பூனைக்கு அது எப்படி வந்தது? இதற்கு விடை சொன்னது அந்தப் பலகைத் தரை. தெள்ளுப்பூச்சியின் முட்டை பூனையின் மேல் ஒட்டிக்கொள்வதில்லை. உப்புத் துகள் போல உதிர்ந்துவிடும். ஒரு பெட்டைத் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் கூட இடும். வெளிவரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குகளில் நுழைந்து, உதிர்ந்த அந்த இரத்த எச்சத்தையே தின்று வளர்ந்து, கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள் அது பல மாதங்கள் காத்திருக்க வல்லது. எதற்காகக் காத்திருக்கிறது? நடமாட்டத்தின் அதிர்வு, உடம்பின் சூடு, மூச்சுக்காற்று ஆகியவற்றுக்காக. எங்களுக்கு முன்பு அங்கே இருந்தவர்கள் நாய் வளர்த்தார்கள் என்பது விசாரித்தபின் தெரிந்தது. மூன்று மாதங்கள் ஆளில்லாத வீட்டில், இடுக்குகளுக்குள் தூங்கிக் கிடந்தவை எங்கள் காலடி ஓசை கேட்டு எழுந்து வந்திருக்கின்றன! கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருப்பது. ஜனவரி இரவுகளில் உறைபனி கூட விழும். வெளியே அந்தக் குளிரில் அவை பெருகுவது கடினம். ஆனால் கணப்பும் கம்பளியும் உள்ள அறைக்குள் குளிர்காலம் ஏது?

அன்று மாலை, மருத்துவர் சொல்லியபடி, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்துகொண்டு அறை அறையாக மெதுவாக நடந்தேன். மாமியாரின் அறையில், கணப்பின் பக்கத்தில் நின்றபோது மூன்று பூச்சிகள் காலுறையின்மேல் ஏறின. பக்கவாட்டில் நசுங்கியது போன்ற, செம்பழுப்பு நிற, எள்ளினும் சிறிய பூச்சிகள். மாமியார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தம் கணுக்காலையும் பார்த்துக்கொண்டார். குளிர்காலத்தில் கொசு இல்லாத ஊரில் தம்மைக் கடித்தது எது என்று அப்போது விளங்கிற்று. மருத்துவர் சொன்ன இன்னொன்றையும் நான் சொன்னேன்: பூனையைச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தால் இந்தப் பூச்சிகள் அதோடு போயிருக்கமாட்டா, பூனை கிடைக்காத பசியில் வீட்டிலுள்ள மனிதரையே தேடி வந்திருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. பூனையின் கம்பளித் துண்டைத் தாமே எடுத்துக் கொதிநீரில் போட்டார்.

'தெள்ளு' என்றவுடன் பிளேக் நோயை நினைத்துப் பயந்தவர்களும் உண்டு. அந்தப் பயம் நம் பகுதிக்குப் பழையது. இந்த மலைகளுக்குத் தென்மேற்கே கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நீடித்ததை 1930களில் மருத்துவர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். தெள்ளுப்பூச்சி வழியாகவே பிளேக் பரவுகிறது என்பதை 1898இல் கராச்சியில் சோதனை செய்து காட்டியவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். நோயுற்ற எலியின்மேல் போதிய தெள்ளு இல்லாததால், தாம் தங்கியிருந்த விடுதியில் திரிந்த பூனையிடமிருந்து சில தெள்ளுகளை அவர் கடன் வாங்கினார் என்பது வரலாற்றில் நான் ரசித்துப் படித்த செய்தி. ஆனால் பிளேக்கை முதன்மையாகப் பரப்புவது எலித் தெள்ளு. நம் வீட்டுப் பூனையின் தெள்ளு வேறு இனம், அந்த வேலையில் அது திறமையற்றது. பூனைத் தெள்ளால் மனிதருக்கு வரக்கூடியது பெரும்பாலும் கடித்த இடத்து அரிப்பு. பூனை பிராண்டுவதால் வரும் காய்ச்சல் ஒன்று உண்டு. அதன் கிருமியைப் பூனைக்குப் பூனை பரப்புவதும் தெள்ளே. பிராண்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

மருத்துவர் பூனையை நிறுத்துப் பார்த்து, எடைக்கு ஏற்ற சொட்டு மருந்தைப் பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில் விட்டார். மாதம் ஒரு முறை, குறைந்தது மூன்று மாதங்கள். வீட்டு வேலைதான் பெரிது. பூனை படுக்கும் துணிகளை வாரம்தோறும் வெந்நீரில் துவைத்தோம். தூசி உறிஞ்சும் கருவி ஒன்றை இரவல் வாங்கிப் பலகை இடுக்குகளை நாள்தோறும் உறிஞ்சி, அந்தக் குப்பையை உடனே வெளியே கொண்டுபோய் எரித்தோம். இரவில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் சிறு விளக்கை எரியவிட்டால் ஒளியையும் சூட்டையும் நாடி வரும் பூச்சிகள் அதில் விழும். காலையில் எண்ணுவது என் மகளின் பொறுப்பாயிற்று.

பத்து நாளில் சொறிதல் குறைந்தது. நான்காம் வாரத்தில் மீண்டும் தொடங்கியது! மருந்து பலிக்கவில்லை என்று என் துணைவியார் மனம் சோர்ந்தார். பலரும் இந்த இடத்தில்தான் சிகிச்சையைக் கைவிடுகிறார்கள். உண்மையில் கூட்டுக்குள் இருப்பவற்றை மருந்து எட்டுவதில்லை. அவை தவணை முறையில் வெளிவருகின்றன. வெளிவந்து, மருந்திட்ட பூனையின்மேல் ஏறினால்தான் சாகும். பூனையை அனுப்பாமல் வைத்திருப்பதே வீட்டைச் சுத்தம் செய்யும் வழியாகிறது.

மார்ச் மாதத் தொடக்கத்தில் மூன்றாம் தவணை மருந்தும் விட்டாயிற்று. அதன்பின் வியாழன்தோறும் மாமியார் பேன் சீப்பால் பூனையை வாரி, விழுவதை நனைந்த வெள்ளைத் துணியில் இட்டுப் பார்க்கிறார். நான்கு வியாழன்களாகத் துணியில் சிவப்பு இல்லை. வால் தொடங்கும் இடத்தில் புதுமுடி வந்திருக்கிறது. பழைய சாம்பல் நிறத்தைவிடச் சற்று வெளிறிய நிறம்.