கடற்கரைச் சாலையில் அந்த வட்டக் கட்டடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். தை மாதத்து வெயில் உனக்கு நன்றாகக் கைகொடுத்திருக்கிறது. நேப்பியர் பாலத்தின் வெள்ளை வளைவுகள், செனட் ஹவுஸின் மூலைக் கோபுரங்கள், உழைப்பாளர் சிலையில் பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகுத் தசை, எல்லாம் துல்லியமாக வந்திருக்கின்றன. ஐஸ் ஹவுஸுக்கு மட்டும் ஒரே ஒரு படம், அதுவும் ஓடும் ஆட்டோவிலிருந்து. "இது என்ன அத்தை, பழைய சர்ச்சா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் வெளிச்சம். அந்தச் சாலையில் இருக்கும் பெரிய கட்டடங்கள் எல்லாம் கடலைப் பார்த்து, கிழக்கு முகமாக நிற்பவை. காலையில் ஒன்பது, ஒன்பதரை வரை வெயில் நேராக முகப்பில் விழும். மத்தியானத்துக்கு மேல் சூரியன் பின்னால் போய்விடும். சிவப்புச் செங்கல் கறுத்துவிடும். நீ வடக்கிலிருந்து தெற்காக வந்திருக்கிறாய். சேப்பாக்கத்திலேயே காலை முழுவதும் போயிருக்கும். ஐஸ் ஹவுஸுக்கு வந்தபோது நேரமாகிவிட்டது போலிருக்கிறது, அதன் முகம் நிழலில் கிடக்கிறது.

சேப்பாக்கத்தில் நின்றதைக் குறை சொல்ல மாட்டேன். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டிய அரண்மனை அது. கடைசி நவாப் வாரிசில்லாமல் 1855-இல் இறந்ததும் கும்பினி அந்தப் பட்டத்தையே ரத்து செய்தது. அரண்மனை கடனுக்கு ஏலம் போய் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. ராபர்ட் சிஷோம் என்ற இளம் கட்டடக் கலைஞர் அதன் இரு பகுதிகளுக்கும் நடுவில் கோபுரம் எழுப்பினார். அந்த அரண்மனையின் சாயலை எடுத்துக்கொண்டுதான் பக்கத்தில் செனட் ஹவுஸையும் கட்டினார். மாநிலக் கல்லூரியும் அவர் வரைந்ததே, 1870-இல் திறந்தார்கள். அந்தக் கல்லூரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் அதற்கு வருகிறேன்.

நவாபு, கவர்னர், பல்கலைக்கழகம் என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் பின்னால் ஒரு அதிகாரம் இருந்தது. ஐஸ் ஹவுஸுக்குப் பின்னால் இருந்தது ஒரு வியாபாரி. அவர் உன் ஊர்க்காரர், பாப்பா.

பாஸ்டன்காரரான அவர் பெயர் பிரெடரிக் டியூடர். பனிக்காலத்தில் மாசசூசெட்ஸ் ஏரிகள் உறைந்துபோகும் அல்லவா? யாருக்கும் சொந்தமில்லாத அந்தப் பனிக்கட்டியை வெட்டி வெயில் ஊர்களுக்கு விற்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1806-இல் கரீபியனில் இருக்கும் மார்டினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம் வந்தது, கடன் ஏறியது, கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். விடவில்லை. 1820-களில் அவரோடு சேர்ந்த நத்தானியேல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் ஏர் போன்ற ஒரு கருவியைச் செய்தார். ஏரியின் மேல் கட்டம் கட்டமாக உழுதுகொண்டே போனால் ஒரே அளவான பாளங்கள் பெயர்ந்து வரும். அளவு ஒன்றாக இருந்தால் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாம். நெருக்கி அடுக்கினால் உருகுவது குறையும். அந்தத் தொழிலின் சூட்சுமமே அதுதான். வையத் வேலை செய்த ஏரி எது தெரியுமா? நீ சனிக்கிழமைகளில் சுற்றி ஓடுவதாகச் சொல்வாயே, அந்த ஃபிரெஷ் பாண்ட்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களுக்கு இங்கிருந்து ஏற்றிப் போகச் சரக்கு நிறைய இருந்தது. அங்கிருந்து கொண்டுவரத்தான் அதிகம் இல்லை. வெறுங்கப்பல் கடலில் ஆடும் என்று கல்லையும் மண்ணையும் நிரப்பிக்கொண்டு வந்தார்கள். கல்லுக்குப் பதில் பனிக்கட்டி என்றால் கூலி குறைவு. அதைச் சுற்றி அடைக்க மரத்தூள் வேண்டும். மர அறுவை மில்களில் அது குப்பையாகக் குவிந்து கிடந்தது. ஒன்றுக்கும் உதவாத மூன்றைச் சேர்த்து அந்த மனிதர் பணம் பண்ணினார். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. கல்கத்தாவுக்குப் பிறகு பம்பாய், சென்னை. நம் ஐஸ் ஹவுஸ் எழுந்தது 1842 வாக்கில். மூன்று ஊர்களின் பனிக்கிடங்குகளில் இன்று நிற்பது இது ஒன்றுதான்.

இப்போது அங்கே நின்றால் கடலுக்கு எவ்வளவு தூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது! அன்றைக்கு அப்படி இல்லை. கடல் கிட்டத்தில் இருந்தது. சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியது 1870-களில். கடலுக்குள் அந்தக் கற்சுவர் நீண்ட பிறகுதான் தெற்கே மணல் ஒதுங்கி ஒதுங்கி மெரினா இவ்வளவு அகலமானது. ஐஸ் வந்த காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளோ சரக்கோ, எதுவானாலும் மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை ஓங்கி அடித்தாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. நம் கடற்கரைக் குப்பத்துப் படகுக்காரர்கள், வாழ்நாளில் பனியே பார்த்திராதவர்கள், அமெரிக்க ஏரியை அலைமேல் சுமந்து கரை சேர்த்திருக்கிறார்கள். எந்தச் சிலையும் இல்லாத அவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கட்டடம் வட்டமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே கனஅளவை வட்டமான சுவருக்குள் வைத்தால், வெயில் படும் பரப்பு சதுரத்தைவிடக் குறைவு. சுவர் கனமானது. இப்போது நீ படத்தில் பார்க்கும் ஜன்னல்கள் அன்றைக்கு இல்லை, சுற்றுத் தாழ்வாரமும் இல்லை. காற்றும் வெளிச்சமும் நுழையக் கூடாது என்று கட்டிய இடம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதற்கு முன்னால் அவர்கள் பாட்டிலை வெடியுப்புக் கரைத்த தண்ணீரில் சுழற்றித்தான் குளிர வைத்தார்கள். நம்மவர்களுக்கு மண்பானை இருந்தது.

தோரோ என்ற எழுத்தாளரை நீ பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். வால்டன் ஏரிக்கரையில் அவர் குடிசை போட்டிருந்தபோது டியூடரின் ஆட்கள் அங்கேயும் வந்து பனி வெட்டினார்கள். அதைப் பார்த்த அவர், "மதராஸ்காரர்களும் பம்பாய், கல்கத்தா மக்களும் என் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள்" என்ற பொருளில் எழுதினார். 1854-இல் வந்த 'வால்டன்' புத்தகத்தில் நம் ஊர் பெயர் இப்படித்தான் இடம்பிடித்தது.

இயந்திரத்தில் ஐஸ் செய்ய வழி வந்ததும் வியாபாரம் படுத்தது. 1880 வாக்கில் கிடங்கு காலி. பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கி, சுவரைத் துளைத்து ஜன்னல் வைத்து, தாழ்வாரங்கள் சேர்த்து, வீடாக்கினார். தமக்குப் பிடித்த நீதிபதி கெர்னானின் பெயரால் 'காசில் கெர்னான்' என்று அழைத்தார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து திரும்பியபோது தங்கியது அங்கேதான். எழும்பூரிலிருந்து வரும் வழியில் இளைஞர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்து வந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. ஒன்பது நாள் இருந்தார். அவர் போன பிறகு ராமகிருஷ்ணானந்தர் வந்து தங்கி, தென்னாட்டில் ராமகிருஷ்ண மடத்தின் வேலையை அந்தக் கட்டடத்தில்தான் தொடங்கினார். இப்போது அங்கே கண்காட்சி நடத்துவதும் அந்த மடம்தான். 'விவேகானந்தர் இல்லம்' என்ற பெயர் 1963-இல், அவருடைய நூற்றாண்டில் வைத்தது. பொருத்தமான பெயர்.

ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது இன்னும் சொல்லவில்லை.

1886-இல் மயிலாப்பூரில் சுப்பலட்சுமி என்று ஒரு பெண் பிறந்தார். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். அந்தக் காலத்தில் பிராமண வீடுகளில் அப்படிப்பட்ட குழந்தைக்கு என்ன நடக்கும் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தலையை மழித்து, வெளிறிய புடவை கட்டி, சமையற்கட்டின் மூலையில் உட்கார வைப்பார்கள். நல்ல காரியத்துக்கு எதிரே வரக் கூடாது. அவளுடைய தப்பு என்ன என்று அவளுக்கே புரிவதற்கு முன்னால் அவள் வாழ்க்கை முடிந்துவிடும். சுப்பலட்சுமியின் அப்பா சுப்பிரமணிய ஐயர் அதற்கு மறுத்தார். மகளைப் படிக்க வைத்தார். 1911-இல் சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். நீ செக்கச் செவேலென்று எடுத்திருக்கிறாயே, அந்தக் கல்லூரிதான்.

அவரோடு நின்றவர் சித்தி வாலாம்பாள், அவரும் கைம்பெண்தான். இரண்டு பேரும் சேர்ந்து விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிறுமிகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பெருகப் பெருக இடம் போதவில்லை. விதவைகள் கூடி வாழ வீடு தர யாருக்கு மனம் வரும்? கல்வித் துறை ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி துணை நின்றார். கடைசியில் கிடைத்தது ஐஸ் ஹவுஸ். மறுபடியும் காலியாகக் கிடந்த பழைய கட்டடம். ஊர்க் கண் அதிகம் படாத கடலோரம். யாருக்கும் வேண்டாத வீட்டுக்கு யாருக்கும் வேண்டாத பிள்ளைகள் போனார்கள். அதே சாலையில் 1914-இல் பெண்களுக்கான கல்லூரி வந்தது. ராணி மேரி கல்லூரி என்று இப்போது பெயர். பக்கத்திலேயே 1922-இல் லேடி வெலிங்டன் பெயரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. அதை நடத்தியவரும் சுப்பலட்சுமிதான். பள்ளி, கல்லூரி, ஆசிரியப் பயிற்சி என்று எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் அமைந்தன. மூலையில் உட்கார வைத்த பெண்கள் டீச்சராக, சம்பளம் வாங்குபவர்களாக வெளியே வந்தார்கள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த டீச்சர் அந்த விடுதியில் வளர்ந்தவர். உன் தாத்தா என்னைப் பத்தாவதோடு நிறுத்தப் பார்த்தபோது, வீடு தேடி வந்து திண்ணையில் உட்கார்ந்து, "இவள் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார். நான் பி.எஸ்ஸி. முடித்தது அதனால்தான். உன் அப்பாவுக்குக் கணக்குச் சொல்லித்தந்தது நான். இந்தக் குடும்பத்தில் இன்று நீ எம்.ஐ.டி. வாசலில் நிற்கிறாய் என்றால், அதற்கு ஒரு வழி அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்தும் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த ஏரியாவுக்கே ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். போலீஸ் ஸ்டேஷனும் அந்தப் பெயரில்தான். கட்டடத்துக்குத் துறவியின் பெயர். இரண்டும் இருக்கட்டும். ஆனால் அந்த இடத்தை மிகக் கடினமான வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் அந்தப் பெண்கள். படம் எடுக்க வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவராவது இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுப்பலட்சுமி 1958-இல் பத்மஸ்ரீ பெற்றார், 1969-இல் காலமானார். அவரோடு பழகிய மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி 1966-இல் 'ஏ சைல்டு விடோஸ் ஸ்டோரி' என்று அவர் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். என்னிடம் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நிச்சயம் இருக்கும். எடுத்துப் படி. படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு, அந்த டீச்சரைப் பற்றி இன்னும் நிறையச் சொல்வதற்கு இருக்கிறது.

அடுத்த தடவை வந்தால் முதலில் ஐஸ் ஹவுஸுக்குப் போ, காலை வெயிலில். எதிர்ப்பக்கம் மணலில் கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால் முழு முகப்பும் படத்துக்குள் வரும். என் முழங்கால் அதற்குள் சரியாகிவிட்டால் நானும் வருகிறேன். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தை