எனக்குப் பிடித்த இரயில்பாதை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

“உனக்குப் பிடித்த நடிகர் யார்?” என்று கேட்டால் நம் கல்லூரியில் விடை சொல்லாதவர் இரார். “பிடித்த கிரிக்கெட் வீரர் யார்?” என்றாலும் அப்படியே. “பிடித்த இரயில்பாதை எது?” என்று கேட்டுப் பாருங்கள்! கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். “உட்கார இடம் கிடைக்கிற இரயில் எதுவோ, அதுதான்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஆனால் இந்தக் கேள்விக்கு இரவு முழுதும் விழித்திருந்து விடை சொல்லக்கூடியவர்கள் உலகில் ஏராளம். இரயில் வண்டிகளைப் பார்ப்பதும், படம் எடுப்பதும், அவற்றைச் சிறு உருவில் செய்து வீட்டிலேயே ஓட்டுவதும் இவர்களுக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு என்று சொல்வதே குறைவு. தவம் என்றே சொல்லலாம். இவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நான், இரண்டு ஆண்டுகளாக அந்தப் பக்கமே திரும்பிக் கொண்டிருக்கிறேன். அவர்கள் விரும்பும் பாதைகள் எவை, ஏன் விரும்புகிறார்கள் என்பதை நண்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். அங்கே இரயில்பாதை என்றால் தண்டவாளம் மட்டும் அன்று. அதை நடத்திய நிறுவனத்துக்கும் அதே பெயர்தான். பென்சில்வேனியா, சாண்டா ஃபே, ரியோ கிராண்டே ஆகிய மூன்றும் மாதிரி இரயில் செய்வோர் மிகவும் விரும்பும் பெயர்கள். வியப்பு என்னவென்றால், இம்மூன்றில் ஒன்றுகூட இன்று தனி நிறுவனமாக இல்லை! பென்சில்வேனியா 1968-இல் தன் பழைய போட்டியாளரான நியூயார்க் சென்ட்ரலோடு இணைந்தது. இணைந்த நிறுவனம் 1970-இலேயே திவாலாயிற்று. சாண்டா ஃபே 1995-இல் இன்னொரு நிறுவனத்தோடு கலந்துவிட்டது. பெயர்ப்பலகை இறங்கிவிட்ட பிறகும் அன்பு இறங்கவில்லை.

ஏன்? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பென்சில்வேனியாவுக்கு அல்டூனா நகரின் அருகேயுள்ள குதிரை லாட வளைவு. அலிகெனி மலையில் நேராக ஏற முடியாத பாதையை, ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி லாடம்போல் வளைத்து ஏற்றினார்கள். 1854-இல் திறந்த அந்த வளைவில் இன்றும் வண்டிகள் ஓடுகின்றன. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கூலியாட்கள். அவர்கள் கையில் இருந்தவை மண்வெட்டி போன்ற எளிய கைக்கருவிகளே.

சாண்டா ஃபேக்கு அதன் நிறம். சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடிய அதன் டீசல் எஞ்சின்கள் சிவப்பும் வெள்ளியுமாக மின்னின. 1948-இல் லயனல் என்னும் பொம்மை நிறுவனம் அதே நிறத்தில் ஒரு பொம்மை எஞ்சினை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது அமோகமாக விற்றது. உண்மை வண்டியை ஒருநாளும் பார்த்திராத குழந்தைகளும் அந்தப் பொம்மையால் சாண்டா ஃபேயின் அன்பர்கள் ஆனார்கள். சிறு வயதில் மனத்தில் பதிந்தது எளிதில் அழிவதில்லை அன்றோ?

ரியோ கிராண்டேயின் புகழ் அதன் குறுகிய பாதைகளால் வந்தது. தண்டவாளங்களுக்கு இடையே மூன்றே அடி. கொலராடோ மலைகளின் வெள்ளிச் சுரங்கங்களுக்காகப் போட்ட பாதை அது. டுராங்கோவிலிருந்து சில்வர்டன் வரை 1882-இல் அமைந்த பகுதியில் இன்றும் நீராவி வண்டியில் பயணம் செய்யலாம். இன்னொரு பகுதியைக் கைவிட இருந்தபோது, கொலராடோவும் நியூ மெக்சிகோவும் சேர்ந்து 1970-இல் அதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றின. ஓர் இரயில்பாதைக்காக இரண்டு மாநிலங்கள் கைகோத்தன!

அரசு வராத இடத்தில் மக்களே வந்ததும் உண்டு. வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்று ஒரு சிறு பாதை. பலகைக்கல் ஏற்றிச் செல்வதற்காக 1865-இல் அமைந்தது. அதன் உரிமையாளர் 1950-இல் மறைந்தபோது பாதையும் அவரோடு முடிந்துவிடும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். எல்.டி.சி. ரோல்ட் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் கூடி, சம்பளம் இல்லாமல் அதை நடத்த முன்வந்தார்கள். 1951-இல் வண்டி மீண்டும் ஓடியது. தன்னார்வலர்கள் காப்பாற்றி நடத்திய முதல் இரயில்பாதை உலகில் அதுவே. விடுமுறை நாளில் வந்து, புல் வெட்டி, கட்டை மாற்றி, சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை தத்தம் அலுவலகத்துக்குப் போனார்கள்!

இனி மாதிரி இரயிலுக்கு வருவோம். இங்கேதான் இயற்பியல் மாணவனாகிய எனக்குக் கொண்டாட்டம். இவர்கள் பெரிதும் கையாளும் அளவு ‘ஹெச்.ஓ.’ எனப்படுவது, உண்மையில் 87-இல் ஒரு பங்கு. 1,435 மில்லிமீட்டர் அகலமுள்ள உண்மைப் பாதை இதில் 16.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். நீளம் 87-இல் ஒரு பங்கு ஆனால், பரப்பு 87 × 87-இல் ஒரு பங்கு. கனஅளவோ 87 × 87 × 87-இல், அதாவது ஏறத்தாழ 6,58,500-இல் ஒரு பங்கு. 50 டன் எஞ்சினை அதே உலோகங்களால் அப்படியே சிறிதாக்கினால் எடை எவ்வளவு தெரியுமா? 76 கிராம்! ஒரு சோப்புக் கட்டியின் எடை.

எல்லாம் சுருங்கும்போது ஒன்று மட்டும் சுருங்குவதில்லை. அது சரிவு. 12 அடிக்கு 1 அடி ஏறும் பாதையை எத்தனை பங்கு சிறிதாக்கினாலும் அது 12-க்கு 1 தான். பெரிய எஞ்சின் திணறும் ஏற்றத்தில் சிறிய எஞ்சினும் திணறும். அளவைக் குறைத்துக் கஷ்டத்தைக் குறைத்துவிட முடியாது!

இந்தப் பொழுதுபோக்கு விளையாட்டோடு நின்றுவிடவும் இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி இரயில் கழகத்தில், மேசைக்குக் கீழே கம்பிகளையும் தொலைபேசி ரிலேக்களையும் இணைத்து வண்டிகளை இயக்கிய மாணவர்கள்தாம் பின்னர் கணிப்பொறியின் முன்னே போய் உட்கார்ந்தார்கள். இன்று உலகமெங்கும் வழங்கும் ‘ஹேக்கர்’ என்னும் சொல், கணிப்பொறித் துறைக்கு அந்தக் கழகத்துப் பேச்சிலிருந்து போனதுதான். கலிபோர்னியாவின் ஜான் ஆலன் என்பவர் கற்பனையிலேயே ஓர் இரயில்பாதையைப் படைத்து, மலையும் பாலமும் ஊரும் தெருவுமாகத் தன் வீட்டின் அடித்தளத்தில் எழுப்பினார். 1973-இல் அவர் இறந்த சில நாட்களில் அதன் பெரும்பகுதி தீக்கிரையானது. எங்கும் இல்லாத அந்தப் பாதையையும் தமக்குப் பிடித்த பாதையென்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்த அன்பர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் பாதைகளுள் ஒன்று நீலகிரி மலை இரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் ஓடத் தொடங்கி, 1908-இல் உதகையைத் தொட்டது. 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். 326 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு 2,203 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பாதையில் இன்று பயணிகள் ஏறிச் செல்லக்கூடிய வண்டி இது ஒன்றே.

கல்லாறு முதல் குன்னூர் வரை சரிவு 12-க்கு 1 வரை போகிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்காமல் இத்தனை சரிவை ஏறுவது மிகக் கடினம். ஆகவே இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைச் சட்டம் பதித்திருக்கிறார்கள். ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளரின் முறை இது. ஒரு சட்டத்தின் பல் இருக்குமிடத்தில் அடுத்த சட்டத்தின் பள்ளம் இருக்கும். அதனால் எஞ்சினின் பற்சக்கரம் ஒரு கணமும் பிடி விடுவதில்லை. எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. மேலே ஏறும்போது எஞ்சின் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது.

சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவில் குன்னூர் நிலையத்தில் அந்த வண்டி வந்து நின்றதைப் பார்த்தேன். நண்பர்கள் எஞ்சினோடு படம் எடுத்துக் கொண்டார்கள். நான் பார்த்தது பெட்டிகளின் முகப்பில் நின்ற பிரேக் ஊழியர்களை. வளைவுக்கு வளைவு வெளியே பார்த்தபடி, கையால் பிரேக் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். வந்து நின்றதும் ஒருவர் கையை உதறிவிட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை.

என் கண் ஏன் அங்கே போயிற்று என்றால், என் அப்பா ஒரு கீமேன்.

அது என்ன வேலை என்று நண்பர்கள் பலருக்குத் தெரியாது. விடியலில் சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்பு, பச்சைக் கொடிகளும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் பாதையை நடந்தே பார்த்து வருவது. கிளிப் நழுவியிருந்தால் தட்டி ஏற்றவேண்டும். தண்டவாளத்தில் விரிசல் தெரிந்தால் வண்டியை நிறுத்தவேண்டும். மழையானாலும் பனியானாலும் நடை உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “உங்கப்பா மாதிரி வெயில்ல நடக்காம, மின்விசிறிக்குக் கீழே ஒரு வேலை பார்க்கணும்டா” என்பது அம்மாவின் ஒரே பிரார்த்தனை. அப்படிப்பட்ட வீட்டில், அப்பாவை வெயிலில் வாட்டுகிற அதே தண்டவாளத்தின் மேல் மகனுக்கு ஆசை வந்தால் எப்படி இருக்கும்! “மத்த பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்குது, இவன் இரயில் பொம்மையைப் படிக்கிறான். இது சோறு போடுமா?” என்று மாமா ஒருநாள் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். என்னிடம் அப்போது பதில் இல்லை.

அன்று இரவு அப்பாவிடம் கைபேசியில் டாலிலின் பாதையைக் காட்டினேன். சம்பளம் இல்லாமல் கட்டை மாற்றுகிறவர்களைப் பார்த்து அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, “பரவாயில்லையே, ஜல்லியை நல்லாத்தான் அடிச்சிருக்காங்க” என்றார். எனக்குத் துணிவு வந்தது.

“உங்களுக்குப் புடிச்ச லைன் எதுப்பா?” என்று கேட்டேன்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. “வாய்க்கால் பாலத்துக்கு அந்தாண்ட நம்ம பீட்டுல ஒரு வளைவு இருக்குல்ல, அதுதான். சித்திரை வெயில்ல தண்டவாளம் முறுக்கப் பார்க்கும்; அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை பார்ப்பேன். வண்டியில போறவங்களுக்கு அங்க வளைவு இருக்கிறதே தெரியக்கூடாதுய்யா. தெரியாமப் போனாங்கன்னா நான் வேலையை ஒழுங்காப் பார்த்தேன்னு அர்த்தம்.”

நான் வகுப்பில் படித்த நீட்சிக் குணகம் அப்போதுதான் எனக்கு உயிரோடு நின்றது. எஃகுத் தண்டவாளம் ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தால், 30 டிகிரி வெப்பம் கூடும்போது அது 36 சென்டிமீட்டர் வளர வேண்டும். ஒட்டவைத்த நீண்ட தண்டவாளத்தில் அந்த வளர்ச்சிக்கு இடம் இல்லை. வளரத் துடிக்கும் இரும்பைக் கட்டையும் கிளிப்பும் ஜல்லியும் சேர்ந்து பிடித்து வைத்திருக்கின்றன. பிடி தளர்ந்தால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளிந்துவிடும். சூத்திரம் எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கியவன் நான். சூத்திரம் தெரியாமல் அதைக் காவல் காத்தவர் அவர்.

நீலகிரிப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் செய்தாலும் ஏறத்தாழ 529 மீட்டர் நீளமும் 22 மீட்டர் உயரமும் வேண்டும். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம்! எந்த வீட்டிலும் அதற்கு இடம் இல்லை. ஆகவே மாதிரி செய்கிறவர்கள் ஒரு பாலம், ஒரு நிலையம், ஒரு வளைவு என்று தேர்ந்தெடுத்துக் கொள்கிறார்கள். தேர்ந்தெடுப்பது எப்போதும் தாம் நன்கு அறிந்த துண்டைத்தான். அப்பாவும் அதையே செய்திருக்கிறார். அவர் செய்வது 1-க்கு 1 அளவில், அவ்வளவுதான் வேறுபாடு.

மாமாவின் கேள்விக்கு இன்று என்னிடம் ஒரு பதில் உண்டு. தண்டவாளத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசலை மீயொலி அலையைச் செலுத்திக் கண்டுபிடிக்கும் முறை நம் இரயில்வேயில் நடைமுறையில் இருக்கிறது. மீயொலி நம் பாடத்திலும் இருக்கிறது. பட்டம் பெற்றபின் அந்த வழியில் மேலே படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேலை கிடைக்குமா என்பது காலத்தின் கையில். ஆனால் ஆசை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன்: மின்விசிறிக்குக் கீழும் உட்காருவேன்; வெயிலிலும் கொஞ்சம் நடப்பேன்.

நண்பர்களே! உங்களுள் பலர் இரயிலில்தான் கல்லூரிக்கு வருகிறீர்கள். உங்கள் அப்பாவோ அண்ணனோ தறியில், வயலில், பட்டறையில், கடையில் ஏதோ ஒன்றைத் தினமும் காத்து நிற்கிறார்கள். அதில் அவர்களுக்குப் பிடித்த இடம் எது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாம் நான்கு சுவருக்குள் படிக்கும் பாடத்தின் ஒரு பக்கம் அந்தப் பதிலில் இருக்கக்கூடும்.