பெயரற்ற கேபிள்கள்

நாம் வாழும் பங்கு இல்லத்தில் தொலைக்காட்சிக்குப் பின்னே சுவரிலிருந்து ஆறு கறுப்புக் கேபிள்கள் வெளிவருகின்றன. எது எங்குச் செல்கிறதென எவரும் எழுதிவைத்தாரில்லை. மேலுறையில் ‘ஆர்.ஜி. 6’ என்றும், பழையனவற்றில் ‘ஆர்.ஜி. 59’ என்றும் அச்சிட்டிருப்பது கேபிளின் வகையைச் சொல்லுமேயன்றி வழியைச் சொல்லாது.

வெள்ளையடித்த நாளில், பயனற்றதென நாமே முடிவுகட்டி ஒன்றை வெட்டிவிட்டோம். அது சமையற்காரரின் அறைக்குச் செல்வது. மூன்று நாள் அவர் வாய்திறக்கவில்லை. நான்காம் நாள் மாலை, படம் வராத பெட்டியின்முன் அவர் அமர்ந்திருக்கக் கண்டோம். “வானொலி இருக்கிறதே, சாமி” என்றார். முன்பே சொல்லியிருந்தால் கடிந்திருப்போமோ, என்னவோ!

மறுநாள் மல்டிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கினோம். டிஷ்ஷுக்குச் செல்லும் கேபிளில் பெட்டியிலிருந்து 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தம் செல்லுமாதலால், முதலில் எல்லாவற்றையும் இருமுனைகளிலும் கழற்றினோம். அவர் அறை அறையாகச் சென்று, கேபிளின் நடுக்கம்பியையும் அதைச் சூழ்ந்த உலோக வலையையும் கவ்வியால் இணைத்துக் குரல் கொடுப்பார். இங்கே நாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். சுற்று முழுமையடைந்த கேபிளில் மட்டும் கருவி ஒலித்தது. உடனே இருமுனையிலும் சீட்டு ஒட்டினோம். ஒருமுனையில் மட்டும் ஒட்டினால் பாதி வேலையே.

வெட்டுண்டதை இணைத்தபின், அதன் சீட்டில் என்ன எழுதலாம் என்று கேட்டோம். பேனாவை வாங்கி, தம் பெயரை அவரே எழுதினார்.