அடுக்களையில் ஒரு துப்பாக்கி

வான்சிறப்பு அதிகாரம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, வள்ளுவர் காலத்திலேயே துப்பாக்கி இருந்ததா?" என்று கேட்பான். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, அங்கே துப்பு என்பது உணவு, நாம் இன்று வழங்கும் துப்பாக்கி துருக்கிய மொழியில் தொடங்கிப் பல கைகள் மாறி நம்மிடம் வந்த சொல் என்று விளக்குவேன். இருபது ஆண்டுகளாகத் துப்பாக்கிக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். கவிதையைப் பற்றியே எழுதிப் பழகியவன் இன்று இதைப் பற்றி எழுதப் புகுவதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு அருகே வசிக்கும் என் தங்கை வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, எல்லோருக்கும் முன்பாக விழித்துக்கொண்டு காப்பித்தூளைத் தேடினேன். அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும் என்று தங்கை முந்திய இரவு சொல்லியிருந்தாள். எட்டிக் கைவிட்டுத் துழாவியபோது விரலில் பட்டது காப்பித்தூள் டப்பா அன்று. தோலுறைக்குள் கிடந்த ஒரு கைத்துப்பாக்கி. சூடான பாத்திரத்தைத் தொட்டவன் போலக் கையை இழுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் ஆறு வயது மருமகன் பல் துலக்காத வாயோடு நின்றுகொண்டிருக்கிறான். "மாமா, அது அப்பாவோடது. தொடக்கூடாது" என்றான். அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

தங்கையின் கணவர் வேறொருவருடன் கூட்டுச் சேர்ந்து ஒரு பெட்ரோல் நிலையத்தையும் அதனோடு இணைந்த சிறு கடையையும் நடத்துகிறார். அதற்கு முந்திய ஆண்டு ஓர் இரவில் இருவர் உள்ளே நுழைந்து, கல்லாவில் நின்ற பையனின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிப் பணத்தை அள்ளிச் சென்றார்கள். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அந்தப் பையன் மறுநாள் வேலைக்கு வரவில்லை, பிறகும் வரவேயில்லை. அதன் பின் இரவுகளில் கடையை அடைத்துப் பணத்தை எடுத்து வருவது மாப்பிள்ளையின் வேலையாயிற்று. அடுத்த மாதமே அவர் துப்பாக்கி வாங்கிவிட்டார். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிறைந்து, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் கொண்டு செல்லலாம். ஆயினும் அவர் வகுப்புக்குப் போய், 50 தோட்டாக்கள் சுட்டுக் காட்டும் தேர்விலும் தேறி உரிமம் பெற்றிருந்தார். பொறுப்பற்ற மனிதர் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அவர் வாங்கியது கிளாக் 19. 1988இல் வந்த வகை. காவலர்கள் பலரும் பயன்படுத்துவது. 9 மி.மீ. தோட்டாக்கள் 15 கொள்ளும். நிரப்பிவிட்டால் முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும். முக்கால் கிலோ கத்தரிக்காயைப் பையில் சுமப்பது வேறு, வயிற்றுக்கும் கால்சட்டைக்கும் இடையே நாளெல்லாம் செருகி வைப்பது வேறு. மாப்பிள்ளைக்குச் சற்றே தொந்தி. காரில் அமர்ந்தால் பிடி விலாவில் இடிக்கிறது, குழல் தொடையில் குத்துகிறது. ஹூஸ்டனின் ஜூன் மாதம் நம் மதுரைச் சித்திரையைவிடப் புழுக்கமானது. மெல்லிய சட்டைக்குள் அத்தனை பெரிய பொருளை மறைப்பது எளிதன்று. மறைத்தாலும் வியர்வையில் தோல் உரிகிறது. ஆகவே காரில் ஏறியதும் கழற்றி இருக்கைக்கருகில் வைப்பார். கடையில் அமர்ந்ததும் கழற்றிக் கல்லாவின் கீழ் வைப்பார். வீட்டுக்குள் நுழைந்ததும், பகலெல்லாம் இறுகக் கட்டிய செருப்பை உதறுவது போல முதலில் அதைக் கழற்றிக் கைக்கெட்டிய உயரத்தில் வைத்துவிட்டுத்தான் முகம் கழுவுவார். அந்த உயரம் குழந்தைக்கு எட்டாது என்பது அவர் கணக்கு. அடுக்களையில் நாற்காலி இருப்பதை அந்தக் கணக்கில் அவர் சேர்க்கவில்லை. பதினேழு வயதுக்குட்பட்டவர் கையில் சிக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்திருப்பது அந்த மாநிலத்திலேயே குற்றம் என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடிய பாட்டை நண்பர்கள் அறிவார்கள். அவனுடைய வேல்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானுடையவை முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பயன்படாத ஆயுதத்தின் மீதான எள்ளல் என்றே இதுவரை வகுப்பில் சொல்லி வந்திருக்கிறேன். அன்று காலை எனக்குத் தோன்றியது வேறு. தொண்டைமான் வீட்டிலும் குழந்தைகள் இருந்திருப்பார்கள். அந்த வேல்களுக்குக் காவலாவது இருந்தது.

தங்கையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மாறாக நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "இதை மாத்திடணும்னு நெனச்சிட்டே இருக்கேன் மச்சான். சின்னதா ஒண்ணு வாங்கிட்டா இடுப்பை விட்டு எடுக்கவே வேண்டாம். சனிக்கிழமை நீங்களும் வாங்க" என்றார்.

அப்படித்தான் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கும் கூடம் ஒன்றுக்குள் நுழைந்தேன். நான் சுடவில்லை. சுற்றுலா விசாவில் வருபவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருந்தாலன்றி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. காதுகளை மூடும் கவசமும் கண்ணாடியும் அணிந்து பின்னால் நின்றேன். கவசத்தையும் மீறி ஒவ்வொரு வெடியும் நெஞ்செலும்பில் வந்து மோதியது. திரைப்படங்கள் நம்மிடம் சொல்லாத செய்தி அது.

அங்கே பயிற்சியளிப்பவர், காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற முதியவர். மாப்பிள்ளை, "சின்னதாக, இலேசாக ஒன்று வேண்டும்" என்றதும் அவர் மறுமொழி சொல்லாமல் ஒரு சிறு ரிவால்வரை எடுத்து வைத்தார். ஸ்மித் அண்டு வெஸன் 642. வெளியே துருத்தும் குதிரை இல்லாததால் சட்டைப்பையிலோ துணியிலோ சிக்காது. (துப்பாக்கியின் அந்தச் சுத்தி போன்ற உறுப்புக்குக் குதிரை என்று பெயரிட்ட நம் முன்னோர் யாரோ, நல்ல கண்ணுடையவர்.) உடல் அலுமினியக் கலவை, எடை 400 கிராமுக்குச் சற்றே மேல். ஐந்தே தோட்டாக்கள். கையில் ஏந்திய மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "இது இருக்கறதே தெரியாது மச்சான்!"

ஆறரை மீட்டர் தொலைவில் ஒரு காகித மனிதன். முதல் வெடியில் மாப்பிள்ளையின் இரு கைகளும் நெற்றி வரை எழும்பின. இரண்டாவதில் விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார். பக்கவாட்டிலிருந்து எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பதினைந்து தோட்டாக்கள் முடிந்தபோது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சதை சிவந்துவிட்டது. காகித மனிதனின் மேல் ஆறு துளைகள். மற்ற ஒன்பதும் அவனைச் சுற்றியுள்ள வெள்ளைப் பரப்பில்.

முதியவர் விளக்கியதை, இயற்பியலைப் பள்ளியோடு விட்டுவிட்ட நானும் புரிந்துகொண்டேன். தோட்டா முன்னே பாயும் உந்தம் எவ்வளவோ, அதே அளவு துப்பாக்கியைப் பின்னே தள்ளும். துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் அது பின்னே உதைக்கும் வேகம் இரட்டிப்பாகும். போதாக்குறைக்குக் குழல் குட்டையானால் குறிபார்க்கும் இரு முனைகளுக்கும் இடையிலான தூரம் குறையும். கையின் சிறு நடுக்கமும் பெரும் பிழையாகும். விசையும் கனம், ஏறத்தாழ 5 கிலோ இழுக்க வேண்டும். துப்பாக்கியே அரைக் கிலோ இல்லை. சுமப்பதற்கு எவ்வளவு எளிதோ, சுடுவதற்கு அவ்வளவு கொடியது அது. கடைகளில் வாங்குபவர்கள் ஏந்திப் பார்த்து வாங்குகிறார்கள், சுட்டுப் பார்த்து வாங்குவதில்லை என்று முதியவர் குறைப்பட்டுக்கொண்டார்.

அதைவிடச் சிறியதும் இருந்தது. ரூகர் எல்சிபி, 2008இல் வந்தது, வெறுமையாக 300 கிராமுக்கும் குறைவு. கால்சட்டைப் பையில் கைப்பேசி போல அமர்ந்துவிடும். அதன் தோட்டா .380, விட்டத்தில் 9 மி.மீ. தோட்டாவை ஒத்ததே என்றாலும் கூடு குட்டை, வலு குறைவு. அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., சோதனைக் கூழில் குறைந்தது 12 அங்குலமாவது தோட்டா ஊடுருவ வேண்டும் என்று அளவுகோல் வைத்திருக்கிறது. இவ்வளவு குட்டையான குழலிலிருந்து கிளம்பும் .380 தோட்டா விரியவும் வேண்டும், அந்த ஆழமும் போக வேண்டும் என்றால் பல வேளைகளில் இரண்டில் ஒன்றுதான் கிட்டும்.

"அப்ப பெரிய தோட்டாவா எடுத்துக்கலாமா?" என்றார் மாப்பிள்ளை. முதியவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து மயாமியின் கதையைச் சொன்னார். 1986 ஏப்ரல் 11. வங்கிக் கொள்ளையர் இருவரை எஃப்.பி.ஐ. முகவர்கள் தெருவில் மடக்கினார்கள். தொடக்கத்திலேயே ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற 9 மி.மீ. தோட்டா, இதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுவிட்டது. உயிர்க்காயம்தான்; ஆனால் அவன் உடனே விழவில்லை. நீள்துப்பாக்கியோடு தொடர்ந்து சுட்டான். முகவர்கள் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். அதன் பிறகு அத்துறை வலுவான 10 மி.மீ. தோட்டாவுக்குப் போயிற்று. அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. அடுத்து 1990இல் வந்த .40 தோட்டாவுக்கு இறங்கியது. 2010களின் நடுவில், செப்பம் செய்யப்பட்ட 9 மி.மீ.க்கே திரும்பி வந்துவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுற்றி, வலுவான தோட்டாவைவிட இலக்கில் படும் தோட்டாவே மேல் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதைச் சொன்ன முதியவர், காகிதத்தின் வெள்ளைப் பரப்பில் கிடந்த ஒன்பது துளைகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "உன் கடையில் இந்த இடத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். மாப்பிள்ளை சற்று யோசித்து, "பால் எடுக்கிற குளிரறை. அங்கேதான் ஆட்கள் நிற்பார்கள்" என்றார்.

இறுதியில் அவர் எடுத்தது நடுத்தரமான ஒன்று. சிக் சாயர் பி365. 2018இல் வந்த வகை. பத்துத் தோட்டாக்கள், எடை வெறுமையாக அரைக் கிலோ. கிளாக்கைப் போலக் கையில் நிறையவில்லை. சுண்டுவிரல் பிடிக்கு வெளியே தொங்கியது. ஆனால் பதினைந்தில் பன்னிரண்டு காகித மனிதனின் மார்பில் பட்டன. இதைவிட எனக்கு வியப்பளித்தது, முதியவர் துப்பாக்கிக்குச் செலவிட்டதைவிட அதிக நேரத்தை இடுப்புவாருக்கும் உறைக்கும் செலவிட்டதுதான். தடித்த, வளையாத வார். விசையை முழுவதும் மூடும் இறுகிய பிளாஸ்டிக் உறை. வார் தளர்ந்தால் இலேசான துப்பாக்கியும் தொங்கிக் குத்தும், குத்தினால் கழற்றத் தோன்றும், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு பிழைக்கு இடம் உண்டு என்றார். துப்பாக்கிக்கு அனுமதியில்லை என்று அறிவிப்பு வைத்திருக்கும் கடைகள் டெக்சாஸில் உண்டு. அங்கெல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்காகக் காரில் பூட்டும் சிறு பெட்டி ஒன்று. வீட்டுக்கு, எண்களை அழுத்தித் திறக்கும் இன்னொரு பெட்டி.

அன்றிரவுதான் தங்கைக்கு எல்லாம் தெரிந்தது. காப்பித்தூள் தேடிய கதையை நான் சொல்லவில்லை, மருமகன் சொல்லிவிட்டான். அவள் கத்தவில்லை. புதுப் பெட்டியைப் படுக்கையறை அலமாரியில் தானே திருகாணி வைத்துப் பொருத்தச் செய்தாள். "இடுப்பு, இல்லேன்னா இந்தப் பெட்டி. மூணாவதா ஒரு எடத்துல பாத்தேன்னா நானே கொண்டுபோய் போலீஸ்ல குடுத்துருவேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அஞ்சு குண்டா பத்து குண்டான்னு நாள் முழுக்க பேசிட்டு வந்திருக்கீங்களே, கல்லாவுல இருக்கிற பணத்தைக் குடுத்துட்டு உசுரோட வீட்டுக்கு வர்றதுக்கு எத்தனை குண்டு வேணும்?"

மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "பணத்தைக் குடுத்துருவேன். அதுக்கில்ல. குடுத்த பிறகும் அவன் போகலேன்னா?"

இருவரில் எவர் பக்கமும் என்னால் பேச முடியவில்லை; இன்றும் முடியாது. இரவு பதினொரு மணிக்குத் தனியாகக் கடையை அடைப்பவர் அவர். அவருக்காக விழித்திருப்பவள் அவள்.

அடுத்த ஞாயிறு பியர்லேண்டில் உள்ள மீனாட்சி கோயிலுக்குப் போனோம். மாப்பிள்ளை பட்டு வேட்டி கட்டியிருந்தார். வேட்டியில் உறை நிற்காது; துப்பாக்கி பெட்டியிலேயே இருந்தது. காரில் அமர்ந்ததும் வழக்கம் போல வலது இடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைக் கண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இப்போதெல்லாம் அது அங்கே இருப்பது மறந்துவிடுகிறது, இல்லாவிட்டால்தான் தெரிகிறது என்றார். அது நல்லதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நான்கு வாரங்களில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் காப்பித்தூளைத் தவிர வேறெதுவும் இல்லை. நாள்தோறும் காலையில் துழாவிப் பார்த்தேன்.

ஊர் திரும்பும் முந்திய இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பதினொன்றரைக்குக் கார் வந்து நின்றது. கதவு திறந்தது. படிகளில் காலடியோசை. மேலே அலமாரிக்குள் பெட்டியின் மூடி அடைபடும் சிறு ஓசை. அதன் பிறகுதான் தங்கை அடுக்களை விளக்கை அணைத்தாள்.