வெல்வெட் துணி சொன்ன பாடம்

"மருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு கிருமிக்கு அது பழகிப் போயிடுச்சு!" என்று நம் வீடுகளில் சொல்கிறோம் அல்லவா? என்னிடம் நுண்ணுயிரியல் படிக்க வரும் பி.எஸ்ஸி. மாணவிகளும் முதலில் இதையேதான் சொல்வார்கள். வாயால் எத்தனை விளக்கினாலும் மனசில் ஏறாது. கையால் செய்து பார்த்தால் ஒரே வாரத்தில் புரிந்துவிடும்.

தீங்கு செய்யாத ஈ.கோலி ரகம் ஒன்றை இரவு முழுக்க சூப் போன்ற திரவத்தில் வளர்ப்போம். அதில் 0.1 மில்லி எடுத்தாலே 10 கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். ரிஃபாம்பிசின் மருந்து கலந்த அகார் தட்டில் அதைத் தடவி, 37 டிகிரி சூட்டில் வைப்போம். மறுநாள் பார்த்தால் தட்டு கிட்டத்தட்டக் காலி! ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வெள்ளைப் புள்ளிகள். மருந்துக்கு மசியாதவை.

"மருந்தைப் பார்த்தப்புறம்தானே மேடம் இப்படி மாறிச்சு?" என்று யாராவது கேட்பாள். அதற்காகத்தான் காத்திருப்பேன்.

1952-ல் அமெரிக்காவில் எஸ்தர் லெடர்பெர்க்கும் அவர் கணவர் ஜோஷுவாவும் இதற்கு விடை கண்டார்கள். கருவி என்ன தெரியுமா? வெல்வெட் துணி! மருந்தில்லாத தட்டில் வளர்ந்த பாக்டீரியாக்கள் மேல் வெல்வெட்டை ஒற்றி, அதையே மருந்துள்ள பல தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் புள்ளி வந்தது! ஆக, மருந்தையே பார்க்காத முதல் தட்டில், அந்த இடத்தில், மாறியவை முன்பே இருந்திருக்கின்றன. மாற்றம் தற்செயலாக வருவது. மருந்து மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் விடுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் மாணவிகளும் துணிக்கடை வெல்வெட்டை ஆட்டோகிளேவில் சுத்தம் செய்து இதைச் செய்கிறார்கள்.

போன வருஷம் ஒருத்தி அந்தப் புள்ளிகளையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா காச நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "இருமல்தான் நின்னுடுச்சே, இனிமே எதுக்கு?" என்று இரண்டாம் மாதமே நிறுத்தப் பார்த்தாராம்.

"இதுல ஒண்ணு அம்மாவுக்குள்ள இருந்தா, மேடம்?" என்றாள்.

"அதனாலதான் ஒரே மருந்தா இல்லாம பல மருந்தாக் குடுக்கறாங்க. ஒண்ணுக்குத் தப்பினது இன்னொண்ணுல மாட்டிக்கும். பாதியில நிறுத்தினா மிச்சம் இருக்கறது மறுபடி பெருகிடும்" என்றேன். மறுநாளே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். அந்த அம்மாள் ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

சகோதரிகளே, சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை, அவரைக் கேட்காமல் நிறுத்தவும் வேண்டாம்.