முகம் கடலைப் பார்த்து

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், மார்கழிப் பிற்பகலில் கேமராவோடு நிற்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லோர் முதுகும் ஊர்ப்பக்கம் இருக்கும். காரணம் வெயில். கிழக்குக் கரையில் மதியத்துக்குப் பிறகு சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடுகிறது. மார்கழியில் உச்சிப்பொழுதிலேயே அது 57 டிகிரி உயரத்தை எட்டாது. தெற்கே ஒதுங்கி வந்து, தென்மேற்கில் சரிந்துவிடும். அந்த நேரத்தில் கடல் முழு வெளிச்சத்தில் இருக்கும். அலை மடியும் இடத்தின் பச்சை, மழைக்காலம் விட்டுப்போன கலங்கல், தூரத்துப் படகின் பெயின்ட் எல்லாம் துல்லியமாக விழும். தலைமைச் செயலகமும் மேரி கட்டடம் என்கிற நகராட்சி மாளிகையும் பழைய கலங்கரை விளக்கமும் தங்கள் நிழலுக்குள்ளேயே நிற்கும். நேரம் ஆக ஆக அந்த நிழல் சாலையைக் கடந்து கருங்கற்களின் மேல் ஏறும். ஆறு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும்.

எனக்கு இந்த நேரம் மிகவும் பிடிக்கும். வாடைக்காற்று முகத்தில் அடிக்க, தோளில் பையோடு வடக்கும் தெற்குமாக நடப்பதே போதும். ஆனால் கொஞ்ச நாளாக என் கண் கடலில் நிற்காமல் திரும்பித் திரும்பி அந்த நிழலில் கிடக்கும் கட்டடங்களுக்கே போகிறது. அவற்றின் தூண்கள், வளைவுகள், படிகள் எல்லாம் கிழக்கைப் பார்த்திருக்கின்றன. சாலையில் நிற்கும் நம்மைப் பார்க்க அவை கட்டப்படவில்லை என்று தோன்றுகிறது. பார்வை நம் தலைக்கு மேலே எங்கோ தண்ணீருக்குள் போகிறது. கப்பலில் வருகிறவனுக்காகச் செய்துவைத்த முகம் அது. பழைய செதுக்கோவியங்களில் பலவும் அந்தக் கப்பல் பக்கத்திலிருந்து வரைந்தவைதான்: முன்னால் அலை, ஓரிரு படகு, பிறகு கோட்டைச் சுவரும் கொடிமரமும். இன்று எடுக்கப்படும் படங்களில் ஏறக்குறைய எல்லாமே கரையிலிருந்து எடுத்தவை. பார்க்கிற இடமே எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட்டது.

இந்தக் கரைக்குக் கடலிலிருந்து யார் வந்தார்கள், எப்படி வந்தார்கள் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல எழுதிவைத்தவர் வேறு யாரும் இல்லை. 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதிய நாட்குறிப்பு. அவர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர்; வணிகரும்கூட. 'ஆனந்தப்புரவி' என்று ஒரு கப்பலும் வைத்திருந்தவர். சரித்திரம் படிக்கிறவர்கள் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் சூழ்ச்சிகளைத் தேடி அந்த நாட்குறிப்புக்குள் போவார்கள். நான் போவது கப்பல்களுக்காக. இன்ன கிழமை, இன்ன நேரம், கடலில் ஒரு கப்பல் தெரிந்தது. எந்தத் தேசத்துக் கொடி, அது எத்தனை பீரங்கி போட்டது, கோட்டையிலிருந்து பதிலுக்கு எத்தனை போட்டார்கள், யார் இறங்கினார்கள், என்ன சரக்கு, என்ன சேதி. சலிக்காமல் எழுதுகிறார். பீரங்கி எண்ணிக்கையை அவர் விடவே மாட்டார். எத்தனை குண்டு என்பதில் வந்தவரின் மரியாதை அடங்கியிருக்கிறது, அதைச் சரியாகக் குறித்துக்கொண்டால்தான் அடுத்த முறை யாருக்கு எப்படி வணக்கம் சொல்வது என்று தெரியும். வாசித்துக்கொண்டே போனால் கடற்கரையில் அவர் பக்கத்தில் நிற்கிற உணர்வு வந்துவிடும். அவரிடம் படம் எடுக்கும் கருவி இல்லை; அவருக்குப் பிறகு எழுபது எண்பது வருடம் யாரிடமும் இல்லை. ஆனால் நேரமும் திசையும் இவ்வளவு கச்சிதமாகக் குறிக்கப்பட்ட கடற்கரைக் காட்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தக் கப்பல்கள் கரைக்கு வரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இங்கே துறைமுகம் கிடையாது. ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்பார்கள். கட்டுமரக்காரர்கள் முதலில் போய்க் கடிதத்தை வாங்கி வருவார்கள். ஆட்களையும் சரக்கையும் கொண்டுவர, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகள் போகும். அலை உடையும் இடத்தில் தூக்கி அடித்தாலும் தைத்த பலகை வளைந்து கொடுக்கும். கவர்னரானாலும் அப்படித்தான் நனைந்துகொண்டு இறங்க வேண்டும். அந்த அலைகளுக்கு நடுவில், தலை நிமிரும்போதெல்லாம் தெரிந்தது இந்த ஊரின் முகம்.

பிள்ளையின் முடிவும் ஒரு குளிர்காலத்தில்தான். ஆங்கிலேயர் ஊரைத் தரையிலும் கடலிலும் முற்றுகையிட்டிருந்தார்கள், உள்ளே பஞ்சம். 1761 ஜனவரி முதல் நாள் அடித்த புயலில் முற்றுகையிட்ட கப்பல்களில் பல உடைந்து போயின. ஊருக்குள் ஒரு மூச்சு வந்திருக்கும். சில நாட்களிலேயே வேறு கப்பல்கள் வந்து அதே இடத்தில் நின்றன. ஜனவரி நடுவில் ஊர் விழுந்தது. அதற்குச் சில நாள் முன்பே பிள்ளை கண்மூடிவிட்டார். வென்றவர்கள் கோட்டையையும் கடல்முகத்தையும் இடித்துத் தள்ளினார்கள். அவர் பார்த்த கடற்கரையில் இன்று ஒரு சுவரும் மிச்சமில்லை. நாம் படமெடுப்பதெல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டியது. கலங்கரை விளக்கம் 1836-இல் ஏற்றப்பட்டது. இரும்புப் பாலம் 1866-இல் வந்தது. அதன் பிறகு சரக்கை அலைக்கு அப்பால் வைத்தே இறக்க முடிந்தது. 1952 புயல் அந்தப் பாலத்தைக் கொண்டுபோனது. மிஞ்சிய தூண்களைத்தான் டிரைபாடு வைத்து எடுக்கிறார்கள்.

கரையும் அதே கரை அல்ல. இந்தக் கடலோரத்தில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடை மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கே மணல் தேங்கியது, ஊருக்கு முன்னால் இருந்த மணல் கரைந்தது. கல்லைக் கொட்டி மிச்சத்தைக் காத்தார்கள். 2018-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் ஒரு செயற்கைப் பாரை அமைத்தபின் ஓரிடத்தில் மணல் திரும்பியிருக்கிறது. அந்தச் சின்ன மணல்பரப்பில் குழந்தைகள் ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. மேரி கட்டடமும் அப்படித்தான். 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவத்திலேயே கட்டி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். பயன்பாட்டுக்காக மட்டும் என்றால் அலுமினியப் பலகை ஒட்டிய ஒரு பெட்டியே போதும். அந்த முகம் அங்கே வேண்டும் என்று யாரோ பிடிவாதமாக நின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

அந்த முகத்தை இன்றும் தினமும் பார்க்கிறவர்கள் மீனவர்கள். வம்பாகீரப்பாளையத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம், கடலுக்குள்ளிருந்து ஊர் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு அது அழகு பற்றிய கேள்வியாகவே படவில்லை. "லைட் அவுஸும் கப்ஸ் கோயில் கோபுரமும் எப்படி நிக்குதுன்னு பாத்தா போதும் சார், எங்க இருக்கோம்னு தெரிஞ்சிடும். இப்ப பசங்க ஜிபிஎஸ் பாக்குறாங்க" என்றார். கலங்கரை விளக்கமும் கப்ஸ் கோயில் என்கிற அந்தக் கடலோரத் தேவாலயமும் ஒன்றை ஒன்று மறைத்தால் ஓரிடம், விலகி நின்றால் வேறிடம். கண்ணுக்குத் தெரியாத பாரும் சேறும் அவர் மனதில் இந்தக் கட்டடங்களோடு கட்டப்பட்டிருக்கின்றன. கரையில் நாங்கள் அழகுக்காகத் தேடும் ஃபிரேமை அவர் பிழைப்புக்காக வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

என்னைக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டேன். மார்கழியில் வேண்டாம் என்றார், வாடை ஓயட்டும். "மாசி கடைசியில வாங்க, கடல் கொளம் மாதிரி கெடக்கும். விடியக்காலமே கெளம்பிடணும்." எனக்கும் அதுதான் தேவை. ஏழு மணிக்குச் சூரியன் என் முதுகுக்குப் பின்னால் கிழக்கில் இருக்கும், கட்டடங்களின் முகத்தில் நேராக வெயில் விழும். கப்பல்கள் நங்கூரமிட்ட ஆழம் வரை போகச் சொல்லப் போகிறேன். பெரிய லென்ஸ் வேண்டாம். தலைமைச் செயலகத்திலிருந்து கப்ஸ் கோயிலின் இரட்டைக் கோபுரம் வரை ஒரே படத்துக்குள் வர வேண்டும், கீழ்ப்பாதி முழுக்கத் தண்ணீர். படகு ஆடும், ஆகவே ஷட்டர் வேகத்தை ஐந்நூறுக்குக் கீழே இறக்கக் கூடாது.