உறுப்பினர் அட்டை தனி ஆளுக்குக் கிடையாது

ஒரு டாக்டருக்குப் படிக்க ஆசை இருக்கிறது. நேரம் இருக்கிறது. ஆங்கிலமும் தெரியும். ஆனாலும் அவரால் புதிய மருத்துவக் கட்டுரைகளைப் படிக்க முடியவில்லை என்றால் என்ன காரணம் இருக்கும்? பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சந்தா. மருத்துவ ஆராய்ச்சி இதழ்களின் விலை வார இதழ் விலை மாதிரி இல்லை. ஒரே ஒரு இதழின் ஆண்டுச் சந்தா பல நூறு டாலர், சிலவற்றுக்குப் பல ஆயிரம் டாலர்.

2000-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மிக ஏழை நாடுகளில் இருந்த மருத்துவ நிறுவனங்களில் 56 சதவீதத்தில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒரு சர்வதேச மருத்துவ இதழ்கூட வாங்கப்படவில்லை என்று தெரியவந்தது. இன்னும் 21 சதவீத நிறுவனங்கள் சராசரியாக இரண்டே இரண்டு இதழ்கள் வாங்கின. இந்த நிலையில் அங்கே படித்த மாணவர்கள்தான் டாக்டராகி வெளியே வந்தார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் ஹினாரி. 2001 ஜூலையில் ஆறு பெரிய பதிப்பகங்கள் உலக சுகாதார நிறுவனத்தோடு கை கோத்தன. 2002 ஜனவரியில் சுமார் 1,500 இதழ்களோடு திட்டம் தொடங்கியது. தலா தேசிய வருமானம் 1,000 டாலருக்குக் குறைவாக இருந்த நாடுகளுக்கு இலவசம். 1,000 முதல் 3,000 டாலர் வரை இருந்த நாடுகளில் ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் என்று 2003-ல் இரண்டாம் பிரிவு வந்தது. பின்னாளில் அது 1,500 டாலர் ஆனது.

பதிப்பகங்களுக்கு திடீரென்று தர்ம சிந்தனை வந்துவிட்டதா என்று கேட்கலாம். தர்மமும் இருக்கலாம். ஆனால் வணிகவியல் பாடப்புத்தகமே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. இணையத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட கட்டுரையை இன்னொருவர் படிப்பதால் வரும் இறுதிநிலைச் செலவு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அந்த நாட்டில் எப்படியும் விற்பனை இல்லை. ஆக, கொடுப்பதால் நஷ்டம் இல்லை, நல்ல பெயர் மட்டும் லாபம். பாடத்தில் 'விலை பேதம்' என்று படிப்பதும் இதுதான். ஆனால் விலை பேதம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. மலிவாக வாங்கியவர், அதிக விலை கொடுப்பவரிடம் சரக்கைக் கைமாற்றி விடக் கூடாது.

இங்கேதான் 'உறுப்பினர்' என்ற சொல்லின் அர்த்தம் புரிகிறது. ஹினாரியில் தனி மனிதர் சேர முடியாது. மருத்துவக் கல்லூரி, நர்சிங் கல்லூரி, போதனா மருத்துவமனை, ஆராய்ச்சி நிலையம், அரசு அலுவலகம், உள்ளூர்த் தொண்டு நிறுவனம் போன்றவைதான் சேரலாம். நிறுவனத்தின் பெயரில் கடவுச்சொல் வரும். நூலகர் அதைப் பாதுகாப்பார். ஆசிரியர், ஊழியர், மாணவர் எல்லோரும் படிக்கலாம், ஆனால் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. படிக்கிறவருக்கு இது திறந்த கதவு, பதிப்பகத்துக்கோ சரக்கு வெளியே கசியாமல் இருக்கப் போட்ட வேலி.

வேலி எவ்வளவு உறுதியானது என்பதை பங்களாதேஷ் 2011 ஜனவரியில் கண்டுகொண்டது. அந்த நாட்டுக்குக் கிடைத்துவந்த இதழ்களில் 2,500-க்கும் மேற்பட்டவற்றை எல்சவியர், ஸ்பிரிங்கர் போன்ற பதிப்பகங்கள் திட்டத்திலிருந்து விலக்கிக்கொண்டன. பங்களாதேஷில் விற்பனை சூடுபிடிக்கத் தொடங்கியதுதான் காரணம். 'லான்செட்', 'பி.எம்.ஜே.' போன்ற மருத்துவ இதழ்களில் கண்டனம் எழுந்தது. சர்ச்சை பெரிதான பிறகு பதிப்பகங்கள் இறங்கிவந்தன, இதழ்கள் திரும்பக் கிடைத்தன. ஆனால் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெளிவானது. இலவசமாக வந்த உறுப்பினர் தகுதி உரிமை அல்ல. கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. 2002-ல் இந்தியாவின் தலா வருமானம் 1,000 டாலருக்கு வெகு கீழே. கணக்குப்படி பார்த்தால் முதல் வரிசையில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே பதிப்பகங்களுக்கு ஏற்கெனவே நல்ல வியாபாரம் இருந்ததால் பட்டியலில் இடமில்லை. எனவே இங்கே வேறு வழி தேடினார்கள். கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2003-ல் 'ஹெலிநெட்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. இணைந்த கல்லூரிகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மொத்தமாகப் பேரம் பேசி, இதழ்களைப் பகிர்ந்துகொண்டன. சீட்டு போடுகிற குடும்பங்களுக்குத் தெரியாத தத்துவமா இது? தனியாகப் போனால் சில்லறை விலை, கூட்டாகப் போனால் மொத்த விலை. காசு கொடுத்துச் சேர்ந்தவருக்கு ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்கும் தைரியமும் வருகிறது.

சரி, உறுப்பினர் ஆகிவிட்டால் போதுமா? லைபீரியாவின் கதை போதாது என்கிறது. 2014-ல் அங்கே எபோலா பரவியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த நோய் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் 1982-லேயே ஐரோப்பிய ஆய்வாளர்கள் லைபீரிய மக்களின் ரத்த மாதிரிகளைச் சோதித்து, இந்த நாட்டையும் எபோலா நிலவும் பகுதியில் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். லைபீரிய சுகாதார அமைச்சகத்தின் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் 2015 ஏப்ரலில் இரண்டு பேருடன் சேர்ந்து 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் இதை எழுதினார். இது போன்ற கட்டுரை ஒன்றைத் தரவிறக்க 45 டாலர் ஆகும் என்றும், அது அங்கே ஒரு டாக்டரின் பாதி வாரச் சம்பளம் என்றும் குறிப்பிட்டார்கள். அந்த ஆய்வுகளில் ஒரு லைபீரிய விஞ்ஞானியின் பெயர்கூட இல்லை என்பதையும் சொன்னார்கள். அந்த நோயில் லைபீரியாவில் மட்டும் 4,800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

லைபீரியா ஹினாரியின் இலவசப் பிரிவில் இருந்த நாடுதான், கவனியுங்கள். ஆனால் உறுப்பினர் தகுதி நாட்டுக்கு இல்லை, நிறுவனத்துக்குத்தான். பதிவு செய்யாத ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாக்டருக்கு அதே 45 டாலர்தான். பதிவு செய்த இடத்திலும் மின்சாரம் வேண்டும், இணையம் வேண்டும், கடவுச்சொல் எதற்கு என்று சொல்லித்தர ஒரு நூலகர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ரத்தம் கொடுத்த ஊருக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் எழுதியவருக்கு இருக்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தைப் பட்டியலில் சேர்க்க ஒரு விண்ணப்பப் படிவம் போதும். அந்தப் படிவத்தை நிரப்ப ஆளில்லாத ஆஸ்பத்திரிகள்தான் அதிகம். அவற்றை யார் தேடிப் போவது?